மலை இறங்கும் காருக்கு எந்தப் பேட், எந்த ஒயில்?

தங்கையின் வீட்டுக்காரர் பழைய லான்சர் ஒன்று வைத்திருக்கிறார். பண்டாரவளையில் இருந்துகொண்டு, வாரம் ஒருமுறையாவது எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி ஏறுகிற ஆள். போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு பிரேக் பேட் பெட்டியின் படத்தை அனுப்பி, "மச்சான், இது ரேஸ் ஓடுறவங்க போடுறதாம். நம்ம ரோட்டுக்கு இதுதானே சரி?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஃபோனில் முக்கால் மணி நேரம் பேசியும் பதில் முடியவில்லை. முடியாத மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் ஒரு காலத்தில் இதே ஆசை வந்தது. அதற்குக் காரணம் ஒரு பயம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு, மனைவியின் ஊருக்கு, கொரோலாவில் இறங்கிக்கொண்டிருந்தோம். உள்ளே ஐந்து பேர், டிக்கியில் லீக்ஸும் கரட்டும் இரண்டு மூட்டை. லபுக்கலை தாண்டியதிலிருந்து முன்னால் ஒரு லொறி. அதன் வாலைப் பிடித்தபடி பிரேக்கை அமுக்கி அமுக்கியே வந்தேன். இறம்பொடை ஆஞ்சநேயர் கோயிலில் நிறுத்தியபோது முன் சக்கரத்துப் பக்கம் கருகல் வாடை அடித்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாமி கும்பிட்டு, பிளேன்டீ குடித்து, இருபது நிமிடம் கழித்துக் காரை எடுத்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது! நாலைந்து தடவை அடித்தபிறகுதான் கொஞ்சம் பிடித்தது. முதல் கியரும் ஹேண்ட் பிரேக்கும் கைகொடுத்ததால் ஓரங்கட்ட முடிந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எதுவுமே நடக்காதது போலப் பெடல் பழையபடி இருந்தது.

அடுத்த வாரமே விலை கூடிய பேட் வாங்கிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து, அதே பாதையில், புசல்லாவையில் நிறுத்தி எடுத்தபோது அதே பஞ்சுப் பெடல். செலவழித்த காசு முழுக்கத் தவறான பொருளுக்குப் போயிருந்தது. பேட்டில் குறையே இல்லை. கொதித்தது பிரேக் ஒயில்.

பிரேக் தளர்வது இரண்டு விதம். இரண்டையும் காலாலேயே பிரித்தறியலாம். பெடல் கல்லு மாதிரி உறுதியாக நிற்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்க மறுக்கிறது என்றால், குறை பேட்டில். அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்துவிட்டது. பெடல் மெத்தென்று கீழே இறங்குகிறது, அடித்து அடித்து ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால், குறை ஒயிலில். திரவத்தை நெருக்க முடியாது என்பதால்தான் காலின் அழுத்தம் சக்கரம்வரை போய்ச் சேருகிறது. ஒயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் ஆவி நெருங்கிக் கொடுக்கும். காலின் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். ஓடும்போது பிடித்த பிரேக் நின்று எடுத்தபோது விட்டுப்போனதன் காரணமும் இதுதான். ஓடும்போது காற்றடித்து, பேட் கவ்விப் பிடிக்கிற டிஸ்க் தகடு ஆறிக்கொண்டே வருகிறது. தேநீர் குடிக்க நிறுத்தியதும் காற்று நின்றுவிடுகிறது. டிஸ்க்கில் தேங்கிய சூடு பேட் வழியாக, அதை அழுத்துகிற கெலிப்பருக்கு ஏறி, அங்கே உள்ள ஒயிலைக் கொதிக்க வைக்கிறது. ஆகவே வாடை வந்தால் உடனே நிறுத்திவிடாமல், பத்திரமான இடம் இருந்தால், தாழ்ந்த கியரில் பிரேக்கைத் தொடாமல் கொஞ்சத் தூரம் ஓடி ஆறவிட்டு நிறுத்துவது நல்லது. பெடல் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தால் அந்த யோசனைக்கே இடமில்லை. கிடைத்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

மற்ற ஊர்க்காரருக்கு இது மிகைப்படுத்தல் போலத் தெரியலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களும் சாமானுமாக 1400 கிலோ எடையுள்ள கார் 1000 மீற்றர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளைக்குப் போய்ச் சேரும்போது இறங்கியிருப்பது அதைவிடவும் அதிகம். அந்த 1000 மீற்றரில் வெளிப்படுகிற சக்தி ஏறக்குறைய 13.7 மெகாஜூல். அதே கார் 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது பிரேக்குக்குப் போவது 0.19 மெகாஜூல் அளவுதான். அதாவது, சமதரை வீதியில் 60இல் ஓடி, எழுபது தடவை பிரேக் அடித்து நிறுத்திய சூடு. இன்னொரு விதமாகச் சொன்னால், பீலித் தண்ணீரை நாற்பது லீட்டர் பிடித்து வைத்துக் கொதிக்க வைக்கலாம். கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிவிடலாம். காற்றும் டயரும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சின் எவ்வளவு வாங்குகிறது என்பது நீங்கள் எந்த கியரில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மிச்சம் முழுவதும் நான்கு சக்கரத்துக்கு. அதிலும் பெரும்பங்கு முன் இரண்டு டிஸ்க்குக்கு.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒன்று. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில் நம்மவர்கள் பலர் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விடப் பழகினார்கள். சிலர் எஞ்சினையே அணைத்தார்கள். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்ஜெக்‌ஷன் எஞ்சின் உள்ள கார் பெரும்பாலும் கியரில் இருந்தபடி, அக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது பெற்றோலை ஏறக்குறைய முழுதாகவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் குடிக்கிறது. மிச்சம் பிடிக்கவென்று செய்கிற வேலை செலவுதான். எஞ்சினை அணைத்தால், பிரேக் மிதியைச் சுலபமாக்குகிற பூஸ்டருக்கு வக்யூம் கிடைக்காது; இரண்டு மூன்று மிதியோடு பெடல் இறுகிவிடும். நியூட்ரலில் இறங்குபவருக்கு எந்தப் பேட்டையும் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை.

ஒயில்: முதலில் இதை முடித்துவிடுவோம்

பிரேக் ஒயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் இல்லை. கிளைக்கோல் சேர்ந்த ஒரு திரவம். தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. காரில் உள்ள ஒயில் டப்பா மூடியின் காற்றுத்துளை வழியாகவும் இறப்பர் குழாய்களின் ஊடாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காலையில் துவைத்த சட்டை சாயந்தரம் வரை காயாத நம் ஊர் மூடுபனியில் அது சும்மா இருக்குமா? தண்ணீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். போத்தலில் எழுதியிருக்கிற பெரிய எண் புதிய ஒயிலுக்கு உரியது. நம் கவனம் போக வேண்டியது இரண்டாவது எண்ணுக்கு, அதாவது 3.7 சதவீதத் தண்ணீர் சேர்ந்தபிறகு உள்ள கொதிநிலைக்கு.

டொட் (DOT) என்பது போத்தலில் எழுதியிருக்கிற தரவகை. டொட் 3 ஒயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபிறகு 140. டொட் 4க்கு 230, 155. டொட் 5.1க்கு 260, 180. இவை தரம் கேட்கிற குறைந்தபட்சம். நல்ல தயாரிப்புகள் இதைத் தாண்டியே இருக்கும். இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஈரம் ஏறிய 5.1இன் 180, புதிய டொட் 3இன் 205ஐவிடக் குறைவு. அதாவது நாலு வருடம் மாற்றாத விலையுயர்ந்த ஒயிலைவிட, நேற்று மாற்றிய சாதாரண ஒயில் உங்களைக் காப்பாற்றும். என் கொரோலாவில் இருந்தது வாங்கிய நாளிலிருந்து மாற்றாத டொட் 3. கேட்டபோதெல்லாம் கராஜ் பாஸ், "ஒயில் குறையலயே சேர், எதுக்கு மாத்தணும்?" என்பார். மட்டம் குறையவில்லை என்பது உண்மைதான். கொதிநிலை குறைந்தது டப்பாவைப் பார்த்தால் தெரியாது. நிறம் கறுத்தால்தான் கெட்டது என்பதும் சரியில்லை. பொன்னிறத்தில் தெளிவாக இருக்கிற ஒயிலிலும் தண்ணீர் இருக்கலாம்.

சரி, எதைத் தேர்வது? மூடியில் டொட் 3 என்று எழுதியிருக்கிற ஜப்பானிய கார்களுக்கு டொட் 4 ஊற்றலாம். மூன்றும், நான்கும், ஐந்து புள்ளி ஒன்றும் ஒரே குடும்பம், ஒன்றோடொன்று கலந்தாலும் கெடுதி இல்லை. மறுபக்கம் இறங்கக்கூடாது: மூடி டொட் 4 கேட்டால் டொட் 3 ஊற்றாதீர்கள். டொட் 4க்கும் 5.1க்கும் இடையில் தேர்வது கொஞ்சம் ருசி சார்ந்த விஷயம். 5.1 சூட்டிலும் முன்னே நிற்கிறது, குளிரிலும் இளகலாக இருக்கிறது. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் இறுகாமல் காக்கும் முறை), சறுக்கல் தடுப்பு உள்ள புதிய கார்களுக்கு அந்த இளகல் தன்மை உதவும். (குறைந்த பிசுபிசுப்புள்ள டொட் 4 என்றும் தனியாக வருகிறது. உங்கள் கார்க் கையேடு அதைக் கேட்டால் அதையே போடுங்கள்.) ஆனால் ஹற்றனிலோ வெலிமடையிலோ ஒரு சாதாரணக் கடையில் கேட்டவுடன், புதிய இருப்பாக, முத்திரை உடையாமல் கிடைப்பது டொட் 4தான். கிடைக்கிற ஒயிலை வருடம் ஒருமுறை மாற்றுவது, கிடைக்காத ஒயிலுக்காக மூன்று வருடம் காத்திருப்பதைவிட மேல். பொதுவாகச் சொல்கிற கெடு இரண்டு வருடம். மலையில் ஓட்டுபவருக்கு நான் ஒரு வருடம் என்பேன். ஏப்ரல் சீசனில் ஊரெல்லாம் நுவரெலியாவுக்கு ஏறி, பாதை முழுக்க ஊர்ந்து, பிரேக்கிலேயே கால் இருக்கும். அதனால் நான் மார்ச்சில் மாற்றிவிடுவேன்.

ரேஸ் ஒயில் என்று விற்பது புதிதில் 300 பாகையைத் தாண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஊற்றுகிறவர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாற்றுகிறவர்கள். அந்தச் செலவுக்கு நல்ல டொட் 4ஐப் பல முறை மாற்றலாம்.

டொட் 5 என்ற ஒன்றும் இருக்கிறது. 5.1 என்று நினைத்து இதை வாங்கிவிடாதீர்கள். இது சிலிக்கோன், பெரும்பாலும் ஊதா நிறம், மற்ற மூன்றோடும் சேராது. தண்ணீரை இழுக்காது என்பதே இதன் பெருமை. ஆனால் உள்ளே போகிற தண்ணீர் கலக்காமல் தாழ்ந்த இடத்தில் தனியாகத் தேங்கி நிற்கும். கெலிப்பரில் தேங்கிய தண்ணீர் நூறு பாகையிலேயே கொதித்துவிடும். ஏபிஎஸ் உள்ள காருக்கு இது ஆகவே ஆகாது.

பேட்: பெட்டியின் நிறம் சொல்லாதது

பேட் விஷயத்தில்தான் பேச்சு அதிகம், பொய்யும் அதிகம். எனக்குத் தெரிந்தவரை நம் முன்னால் இருப்பது நாலு வழி.

முதலாவது, கார் வந்தபோது இருந்த வகை. ஜப்பானிய கார்களில் இது பெரும்பாலும் உலோகம் குறைந்த, நார்களும் பிசினும் சேர்ந்த ஓர்கானிக் பேட். அக்கெபோனோ, நிஷின்போ, அட்விக்ஸ் போன்ற, கார்க் கம்பனிகளுக்கே செய்து கொடுக்கிறவர்களின் பேட் இந்த வகையில் கிடைக்கும். சத்தம் இல்லை, தூசி குறைவு, டிஸ்க்கைத் தின்னாது, குளிர்ந்த காலையில் முதல் மிதியிலேயே பிடிக்கும். குறை ஒன்றுதான்: சூடு 300 பாகைப் பக்கம் போனால் பிசின் வேகத் தொடங்கி, பிடி தளரும். நகரத்தில் ஓடும் காருக்கு அந்தச் சூடே வராது. நமக்கு வரும், ஆனால் தினமும் வராது. கியரில் இறங்குகிறவருக்கு, காரில் ஒருவர் இருவர்தான் போவதென்றால், அசல் தரப் பேட்டே போதும். இதை ஒரு தோல்வி மாதிரி நினைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, செரமிக். தூசி இன்னும் குறைவு, ரிம் பளிச்சென்று இருக்கும், ஆயுள் கூட. பெயரைக் கேட்டால் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் உள்ள செரமிக் டிஸ்க் நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. பேட்டில் செரமிக் நார் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சூட்டை வெளியே கடத்துவதில் உலோகம் சேர்ந்த பேட் அளவுக்கு இல்லை. நல்ல செரமிக்குக்கும் மட்டமான செரமிக்குக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ரிம்மைத் துடைத்து வைக்கிற ஆசை உள்ளவர் வாங்கலாம். இறக்கத்துக்கென்று வாங்குவதானால் எனக்கு இது முதல் தெரிவு இல்லை.

மூன்றாவது, உலோகத் தூள் சேர்ந்தவை. கொஞ்சம் சேர்ந்தால் லோ மெட்டாலிக், பாதியளவு சேர்ந்தால் செமி மெட்டாலிக். என் பணம் இங்கேதான் போகிறது. சூடேறினாலும் பிடி சட்டென்று விழாது. பதிலுக்குக் கறுப்புத் தூசி கொட்டும், ஈரமான காலையில் கீச்சென்று கத்தும், டிஸ்க் கொஞ்சம் சீக்கிரம் தேயும். இரவெல்லாம் மழையில் நின்ற காரை எடுத்தால் முதல் இரண்டு மூன்று மிதிக்குக் கரகரக்கும்; அது டிஸ்க்கில் படிந்த துரு, போய்விடும். நாலைந்து பேரோடு வாராவாரம் இறங்குகிறவருக்கு இந்த எரிச்சல்கள் தாங்கத்தக்கவை. லோ மெட்டாலிக்கில் நல்ல பெயருள்ள ஒன்று கிடைத்தால் அதுவே நடுவழி. ஐரோப்பியத் தரமான ஆர் 90 முத்திரை பேட்டின் முதுகில் இருந்தால் அசல் பேட்டின் பிடியிலிருந்து மிகவும் விலகிப் போகாது என்ற ஓர் உத்தரவாதம் கிடைக்கிறது. அந்தத் தரம் அனுமதிக்கிற வித்தியாசம் 15 சதவீதம்.

நாலாவதுதான் மச்சான் அனுப்பிய படம். கார்ப் பந்தயப் பேட். ஐநூறு பாகையிலும் பிடிக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் அது சூடேறிய பிறகே முழுதாகப் பிடிக்கும். தை மாசம் காலை ஆறு மணி, நுவரெலியாவில் புல்லில் உறைபனி. வீட்டு வாசலிலிருந்து இறங்கி முதல் வளைவில் பிரேக்கைத் தொடுகிறீர்கள். பேட் இன்னும் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. அந்த முதல் வளைவில் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிற ஆட்கள் நடந்து வருவார்கள், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். பந்தயத்தில் முதல் சுற்றில் சூடேற்றிக்கொள்ளலாம்; நமக்கு முதல் சுற்று என்று ஒன்று கிடையாது.

இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதில்லை. நம் சின்னக் கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், அதற்குள் பேட்டுக்குப் பதிலாக லைனர். முன்னுக்கு மட்டும் மிகக் கடுமையான பேட் போட்டால் பிடி முழுக்க முன்னுக்குப் போய்விடும். ஏபிஎஸ் இல்லாத பழைய காரில், மழை வீதியில், முன் சக்கரம் முன்பைவிடச் சுலபமாக இறுகிச் சறுக்கும். சறுக்குகிற முன் சக்கரத்துக்கு ஸ்டியரிங் தெரியாது. பின் லைனர் தேய்ந்து, சரிசெய்யாமல் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். முன்னுக்கு விலையான பேட் வாங்குகிற பலர் பின் டிரம்மைக் கழற்றியே வருடக் கணக்காகிறது.

கடையில் நிற்கும்போது பேட்டின் ஓரத்தையோ முதுகையோ பாருங்கள். எழுத்துக் கோவையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் பிடி, இரண்டாவது கூடிய சூட்டில் பிடி. ஈ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. நமக்கு வேண்டியது இரண்டாவது எழுத்து முதலாவதைவிட இறங்காத பேட். இரண்டும் எஃப் என்றால் நல்லது. இந்த எழுத்துகள் ஆயுளையோ தரத்தையோ சொல்லாது என்பதும் நினைவிருக்கட்டும். போலிப் பெட்டியில் என்ன எழுத்தும் அச்சடிக்கலாம். கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கினாலும் சரி, ஊரில் வாங்கினாலும் சரி, மிக மலிவாகக் கிடைக்கிற "ஜெனுவின்" பெட்டியைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பேட்டின் விளிம்பு உதிர்கிறதா, இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்கிற இடத்தில் கீறல் இருக்கிறதா, நாலு பேட்டும் ஒரே நிறமா என்றாவது பாருங்கள்.

துளை போட்ட டிஸ்க், இரும்பு பின்னிய குழாய் என்றெல்லாம் கேட்கிறவர்களுக்கு: துளை போட்டால் சூட்டை வாங்கும் இரும்பு குறைகிறது, கீறல் விழ இடம் கூடுகிறது. அழகுக்கு வேண்டுமானால் போடுங்கள். குழாய் பெடலைக் கொஞ்சம் உறுதியாக்கும். பழைய இறப்பர் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், எது போட்டாலும்.

ஆளுக்கு ஆள், காருக்குக் கார்

அல்டோ, வேகன் ஆர் மாதிரிச் சின்னக் கார்: எடை குறைவு, ஆனால் டிஸ்க்கும் சின்னது. அசல் தரப் பேட், வருடா வருடம் டொட் 4. நிறைய ஆட்களை ஏற்றுகிறவரானால் லோ மெட்டாலிக். இதற்கு மேல் செலவழிப்பதை நான் தடுப்பேன். கொரோலா, அக்சியோ, லான்சர் வகைக்கு நான் மேலே சொன்ன மூன்றாவது வழியும் டொட் 4உம். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிற, ஹயர் ஓடுகிற ஹைஏஸ் வேன்களுக்குச் செமி மெட்டாலிக், டொட் 5.1 கிடைத்தால் அது. ஆட்டோ கியர் என்றால் ஓவர் டிரைவ் என்ற மேல் கியரை அணைத்து இறங்குவதும் சேர்த்து. வேனில் ஒயிலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது அதிகப்படி இல்லை.

ஹைபிரிட் தனிக்கதை. அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்கள், "எனக்குப் பேட் தேயவே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், சமதரையில் பெரும்பாலும் மோட்டர்தான் பிரேக் பிடித்து பற்றரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. ஆனால் நீண்ட இறக்கத்தில் பாதிவழியிலேயே பற்றரி நிறைந்துவிடும். நிறைந்தபின் அனுப்ப இடமில்லை. அதுவரை சும்மா இருந்த பேட்டுக்கு மொத்தச் சூடும் ஒரேயடியாக வருகிறது. அந்தப் பேட்டோ வருடக்கணக்காக உழைக்காதது, கெலிப்பர் பின் துருவேறியிருக்கலாம், ஒயில் யாரும் தொடாதது. இறக்கம் தொடங்கும்போதே கியர் லீவரை B-யில் (P அல்ல) போடுங்கள். பற்றரி நிறைந்தாலும் எஞ்சினைச் சுழற்றிக் காரைப் பிடித்துக்கொள்ளும். பேட் அசல் வகையே போதும். ஒயில் மாற்றும்போது மட்டும், அந்த காரின் பிரேக் முறையை ஸ்கேனர் வைத்து இயக்கத் தெரிந்த இடத்தில் கொடுங்கள். சாதாரணமாகப் பெடல் அடித்து எயார் எடுக்கிற (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிற) முறை இவற்றுக்குச் சரிவராது.

வாங்கியது பாதி, பூட்டுவது மீதி. ஒயில் மாற்றுவதென்றால் டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுவதை மாற்றியதாகச் சொல்லக்கூடாது. சூட்டில் வெந்தது கெலிப்பரில்தான் இருக்கிறது. நாலு சக்கரத்திலும் எயார் எடுக்கும் நட்டைத் திறந்து, புதிய ஒயில் தெளிவாக வரும்வரை எடுக்க வேண்டும். பழைய காரில் பெடலை அடிவரை மிதித்து எயார் எடுத்தால், பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் அதுவரை போகாத துருப்பட்ட இடத்தில் உரசிக் கிழியலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. ஒயிலை நீங்களே வாங்கிக்கொண்டு போய், உங்கள் முன்னால் முத்திரையை உடைக்கச் சொல்லுங்கள். கராஜ் மூலையில் மாதக்கணக்காகத் திறந்து கிடக்கிற போத்தல் எல்லா காருக்கும் பொது. மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரப்படுத்தவும் வேண்டாம். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.

பேட் மாற்றும்போது கெலிப்பர் பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸ் பூசச் சொல்லுங்கள். பின் இறுகினால் பேட் டிஸ்க்கை விடாது. நீங்கள் காலை எடுத்தபிறகும் சூடேறிக்கொண்டே வரும். கழற்றிய பழைய பேட்டில் உள்பக்கம் தேய்ந்து, வெளிப்பக்கம் புதிதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அப்புறம் புதுப் பேட்டைப் பழக்க வேண்டும்: 50இலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், பத்துத் தடவை போல வேகத்தைக் குறைத்து, பின்னர் பிரேக் தொடாமல் ஓடி ஆறவிடுவது. இதற்கு மலைநாட்டில் நேரான வீதியைத் தேடுவதே ஒரு வேலை. நான் ஞாயிறு விடிய அம்பேவளைப் பக்கம் போவேன். பாதிநாள் மூடுபனி விரட்டிவிடும். பழக்காத பேட்டோடு நேரே இறம்பொடையில் இறங்காதீர்கள். புதுப் பேட் முதல் சூட்டில் வெளிவிடுகிற வாயு டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் இடையில் சிக்கி, பெடல் உறுதியாக இருக்கும்போதே கார் வழுக்கிக்கொண்டு போகும்.

இப்போது என் கொரோலாவில் இருப்பது லோ மெட்டாலிக் பேட்டும், பொனட்டுக்கு அடியில் மாற்றிய திகதியை எழுதி ஒட்டிய டொட் 4உம். கம்பளைக்கு மூன்றாவது, இரண்டாவது கியரில் இறங்குகிறேன். பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடித்தால் ஒதுங்கி விட்டுவிடுகிறேன். கோயிலில் நிறுத்தி எடுக்கும்போது பெடல் வைத்த இடத்தில் இருக்கிறது.

மச்சான் நான் சொல்லி முடிக்கும் முன்பே அந்தப் பெட்டியை வாங்கிவிட்டாராம். மூன்று நாள் ஓட்டினார். நாலாம் நாள் காலை, பண்டாரவளை டவுனில், நின்றிருந்த ஓட்டோவுக்கு ஒரு சாண் முன்னால்தான் லான்சர் நின்றது. கழற்றிவிட்டு அசல் வகையைப் பூட்டி, ஒயிலும் மாற்றியிருக்கிறார். ரேஸ் பேட் நாலும் டேஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கின்றன. யாருக்காவது வேண்டுமா என்று கேட்கச் சொன்னார். நான் யாரிடமும் கேட்கவில்லை.